பானையில் வேண்டாம்... டம்ளரில் போடுங்கள்!

கத்திரி வெயில் தொடங்கிய முதல் வாரம். ஒரே நாள் காலையில் என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தது, மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும்.

"ராத்திரியில கெண்டைக்கால் முறுக்கிப் புடிக்குதுங்க ஐயா. எழுந்து நின்னாதான் விடுது. தலையும் கிர்ருங்குது."

"தண்ணி நல்லா குடிக்கிறியாம்மா?"

"அளத்துல இருக்கிறப்போ குடிக்கிறதில்லீங்க. குடிச்சா ஒதுங்க எடம் ஏது? வீட்டுக்கு வந்துதான் சொம்பு சொம்பா குடிப்பேன்."

"சாப்பாட்டுல உப்பு?"

"நாள் பூரா உப்புலதானே நிக்கிறோம்னு கொஞ்சமாத்தான் போட்டுக்குவேன்!"

அவர் போன சற்று நேரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு கணுக்காலிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. பிரஷர் பார்த்தேன்: 170/100.

"சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா சார்?"

"ஒன்றுமில்லையே டாக்டர். வெயிலுக்கு நல்லதென்று தினமும் ஒரு ஜக் உப்பு மோர் குடிக்கிறேன். போன வருஷம் கூட்டத்தில் நீங்கள்தானே சொன்னீர்கள், 'கோடையில் உப்புப் போட்டு மோர் குடியுங்கள்' என்று?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். முதியோர் நிறைய வந்திருந்த ஒரு கூட்டத்தில், எல்லோருக்கும் பொதுவாக அப்படிச் சொல்லி வைத்தவன் நானேதான். 'பிரஷர் உள்ளவர்கள் உப்பில்லாமல் குடியுங்கள்' என்ற ஒரு வரியைச் சேர்க்கத் தவறிவிட்டேன். அன்று விட்டுப்போன அந்த வரிதான் இந்தக் கட்டுரை.

ஒரே ஊர், ஒரே வெயில். அந்த அம்மாவுக்கு ஒரு சிட்டிகை உப்பு மருந்து. ஆசிரியருக்கோ அதே சிட்டிகை நஞ்சு. உங்கள் வீட்டில் யார் அந்த அம்மா, யார் அந்த ஆசிரியர் என்று தெரிந்துகொண்டால் போதும். நீராகாரம், மோர், நுங்கு, வடாம் என்று கோடையின் சுகங்கள் எதையும் விட வேண்டாம், பயமில்லாமல் அனுபவிக்கலாம்.

பாத்தியில் நடப்பதுதான் உடம்பிலும்

மரக்காணத்துக்குப் போயிருக்கிறீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடிகிற ஊர். தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் பெயர் சொல்லும் உப்பளம். பக்கத்திலேயே கழுவெளி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய நீர்ப்பரப்பு.

அளத்தில் நடக்கிற வேலையை ஒரு நிமிஷம் கவனியுங்கள். பாத்தி கட்டி உப்புநீரைப் பாய்ச்சுகிறார்கள். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதை வாரிக் குவிக்கிறார்கள்.

உங்கள் மொட்டை மாடியில் வடாம் காய்வதும் இதே கதைதான். கூழாக இருக்கும்போது உப்பு மட்டாகத் தெரியும். காய்ந்து பொரித்தால் 'கரிக்கிறதே!' என்பீர்கள். தண்ணீர் போய்விட்டது, உப்பு போகவில்லை.

வியர்வை மட்டும் இதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. வியர்க்கும்போது தண்ணீரோடு உப்பும் சேர்ந்து உடம்பை விட்டு வெளியேறுகிறது. உழைப்பாளியின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதே, அது வேறென்ன? உப்புத்தான். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய 1 கிராமிலிருந்து 4 கிராம் வரை உப்பு இருக்கலாம். ஆளுக்கு ஆள் இது மாறும்.

இப்படி இழந்தவர் வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்தால், இரத்தத்தில் உப்பின் அளவு இன்னும் நீர்த்துப் போகிறது. தசை முறுக்கிப் பிடிக்கிறது. 1920-களிலேயே இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டறிந்து, குடிதண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நம் கழனியில் உழுதவர்கள் உப்புப் போட்ட நீராகாரத்தைக் குடித்துவிட்டு ஏர் பிடித்ததும் இதே கணக்குத்தான்.

ஆனால் நீங்கள்? காலையில் மின்விசிறிக்கு அடியில் பேப்பர், பகலில் ஆபீஸ் நாற்காலி, மாலையில் டி.வி. உங்கள் சட்டையில் வெள்ளைக் கோடு விழுகிறதா? இல்லையென்றால் உங்களுக்குத் தனியாக உப்பு தேவையில்லை. சாப்பாட்டில் இருப்பதே போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு. அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், பொரியல், ஊறுகாய், அப்பளம் எல்லாமே இதற்குள் அடக்கம்!

ஆசிரியர் வீட்டில் காலையில் மோர் ஜக்கில் ஒரு டீஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் அத்தனையும் அவர் வயிற்றில். ஒரு நாள் முழுவதுக்குமான உப்பு மோரிலேயே முடிந்துவிட்டது. சாப்பாட்டு உப்பு அதற்கு மேலே!

காலை: நீராகாரம்

இரவு வடித்த சோறு ஆறியதும் மண்சட்டியில் போட்டு, முழுகும்படி நல்ல தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் தெளிந்த நீரை வடித்து, கடைந்த மோர் கொஞ்சம், நறுக்கிய சின்ன வெங்காயம் நாலு, கறிவேப்பிலை இரண்டு கிள்ளிப் போட்டுக் குடித்துப் பாருங்கள். வயிறு குளிர்ந்துபோகும். வெங்காயமும் மோரும் இருக்கும்போது நாக்கு உப்பைத் தேடாது.

மூன்று விஷயத்தில் கவனம். கோடையில் சோறு சீக்கிரம் புளிக்கும். ஆகவே முதல் நாள் இரவு ஊற வைத்ததைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கெட்ட வாடையோ நூல் விடுவதோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் சோற்றைக் குறைத்து நீரை மட்டும் அருந்தலாம்.

முற்பகல்: மோர்

ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர். நன்றாகக் கடைந்து, திரளும் வெண்ணெயை எடுத்துவிடுங்கள். தட்டிய இஞ்சி சிறு துண்டு, கறிவேப்பிலை, மல்லித்தழை, வறுத்துப் பொடித்த சீரகம் கொஞ்சம். இவ்வளவுதான்.

சித்த மருத்துவக் கணக்குப்படி புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் பித்தத்தைக் கூட்டும். இனிப்பு, துவர்ப்பு, கைப்பு மூன்றும் தணிக்கும். புளித்த கெட்டி மோரில் உப்பும் பச்சை மிளகாயும் தாராளமாகப் போட்டால், பித்தத்தைக் கூட்டும் மூன்று சுவையும் ஒரே டம்ளரில் சேர்ந்துவிடுகின்றன. குளிர்ச்சி என்று நினைத்து உஷ்ணத்தை அல்லவா குடிக்கிறோம்? மோரில் நீரைப் பெருக்கச் சொன்ன நம் முன்னோர்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். மோர்ப்பானையில் உப்பைப் போடாதீர்கள்! பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பை வையுங்கள். அவரவர் டம்ளரில் அவரவர் அளவு.

வெயிலில் உழைத்துவிட்டு வருபவர், கிரிக்கெட் ஆடிவிட்டு நனைந்து வரும் பையன்: டம்ளருக்கு ஒரு சிட்டிகை.

வீட்டுக்குள்ளேயே இருப்பவர்: உப்பில்லாமல், அல்லது நாக்கில் பட்டும் படாமலும்.

பிரஷர், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, கால் வீக்கம் உள்ளவர்: உப்பே வேண்டாம். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் ருசி வந்துவிடும். இருதய, சிறுநீரக நோயாளிகளுக்குத் தண்ணீரின் அளவையே டாக்டர் வரையறுத்திருக்கலாம். அந்த அளவுக்குள்தான் மோரும்.

கிண்ணம் ஒன்று வைப்பது பெரிய வேலையா? ஆனால் ஒரே பானையில் குடிக்கும் நாலு பேருக்கு நாலு வைத்தியம் நடந்துவிடுகிறது, பாருங்கள்.

பிற்பகல்: நுங்கும் தர்பூசணியும்

நுங்கை வாங்கி வந்ததும் மேல்தோலை உரித்து எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம். இளம் நுங்கின் மெல்லிய தோல் துவர்க்கும். அந்தத் துவர்ப்புத்தான் பித்தத்துக்கு மருந்து. தோலோடு சாப்பிடுங்கள். நுங்குக்குள் இருக்கும் நீரை வேர்க்குரு மேல் தடவினால் எரிச்சல் அடங்கும். முற்றிய நுங்கு மட்டும் வேண்டாம்; ஜீரணமாகாமல் வயிற்றை வலிக்கும்.

திண்டிவனம், மரக்காணம் பக்கம் கோடையில் தர்பூசணிக் குவியலைப் பார்த்திருப்பீர்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பு அநேகமாக இல்லை. பிரஷர்காரர்களுக்கு ஏற்ற பழம். 2025 கோடையில் 'சாய ஊசி போடுகிறார்கள்' என்று ஒரு பேச்சு பரவி, விளைவித்தவர்கள் விலை கிடைக்காமல் தவித்துப் போனார்கள். ஊசி குத்தின பழம் அந்த இடத்தில் சீக்கிரம் அழுகிவிடும் என்பதை யோசித்துப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது, வெட்டி வைத்து ஈ மொய்க்கும் துண்டுகளுக்குத்தான். முழுப் பழமாக வாங்கிக் கழுவி, வீட்டில் வெட்டி, உடனே சாப்பிடுங்கள். மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம்.

மொட்டை மாடி: வடாம், வற்றல்

கோடை என்றால் வடாம் இடாத வீடு உண்டா? குழந்தைகள் காக்கை விரட்டுகிற சாக்கில் பாதிக் கூழைத் தின்றுவிடுகிற ஆனந்தத்தை யார் தடுப்பது! இடுங்கள். ஆனால் கூழைச் சுவை பார்க்கும்போது உப்பு 'கொஞ்சம் போதவில்லையே' என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

மோர் மிளகாய், கருவாடு, மாங்காய் ஊறுகாய் மூன்றும் கெடாமல் இருப்பதே உப்பால்தான். குறைத்துப் போட்டால் கெட்டுவிடும். அதனால் இவற்றைச் செய்முறையில் குறைக்காமல், தட்டில் குறையுங்கள். வத்தக்குழம்பு வைத்த அன்று அப்பளம், ஊறுகாய் இரண்டும் எதற்கு? ஒன்று போதும்.

இன்னொரு விஷயம். இந்தப் பக்கம் வருகிறவர்கள், 'அளத்து உப்பு சுத்தமானது' என்று கல்லுப்பு மூட்டை கட்டி எடுத்துப் போவதைப் பார்க்கிறேன். அளத்திலிருந்து நேராக வரும் உப்பில் அயோடின் சேர்த்திருக்காது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென்று விற்கக் கூடாது என்பது 2006 முதல் நாடு முழுவதும் சட்டம். கர்ப்பிணிகளுக்கும், வளரும் குழந்தையின் மூளைக்கும் அயோடின் மிக அவசியம். கல்லுப்புத்தான் பிடிக்கும் என்றால், அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.

கிணற்று நீரில் ஒளிந்திருக்கும் உப்பு

கடலோர ஊர்களில் பல கிணறுகள் கரிக்கும். 'குழாய்த் தண்ணீர் குடிக்க, கிணற்றுத் தண்ணீர் சமைக்க' என்று பல வீடுகளில் பாகம் பிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் வீட்டிலும் அப்படித்தான். சோறும் பருப்பும் அந்த நீரில்தான் வெந்தன. வங்கதேசத்தின் கடலோரக் கிராமங்களில் நடந்த ஆய்வுகள், உப்புக் கலந்த நீரைக் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் உயர்வதைக் காட்டியிருக்கின்றன. ஆகவே சமையலுக்கும் நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

'மண்பானையில் ஊற்றி, தேற்றான்கொட்டை தேய்த்தால் சரியாகிவிடாதா டாக்டர்?' என்று கேட்பீர்கள். தேற்றான் கலங்கலைத் தெளிய வைக்கும். உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு போகாது, தண்ணீர் ஆவியாகிற அளவுக்குக் கரிப்பு கூடத்தான் செய்யும். பாத்தியில் பார்த்தோமே, அதே கதை! நல்ல தண்ணீரை மண்பானையில் ஊற்றி, கழுவிக் காய வைத்த வெட்டிவேர் ஒரு பிடி போட்டு வையுங்கள். ஐஸ் தண்ணீரை மறந்தே போவீர்கள்.

தோட்டத்துக்கும் இது பொருந்தும். ரோஜாவும் கறிவேப்பிலையும் இலை நுனி கருகினால் வெயிலை மட்டும் திட்டாதீர்கள். தண்ணீரின் உப்பும் காரணமாக இருக்கலாம். கரிப்பைத் தாங்கும் செடிகளை வையுங்கள். இடமிருந்தால் தென்னை, பூவரசு. தொட்டியில் பருப்புக்கீரை, உடம்புக்குக் குளிர்ச்சி, பாசிப்பருப்போடு கடைந்தால் அமிர்தம். சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் மட்டும் அடிக்கடி சேர்க்க வேண்டாம்.

வெயில் தாழ்ந்த பிறகு செடிகளுக்குத் தண்ணீர் விடுவதையும் முற்றம் தெளிப்பதையும் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். ஈர மண் வாசனையும் கடற்காற்றும் சேர்ந்து வரும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பதைவிட நல்ல தைலம் எதையும் எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை!

இதற்கெல்லாம் மோர் போதாது

வாந்தி, பேதி ஆனால் மோரை நம்பி உட்காராதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அவசரத்துக்குக் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

வெயிலில் இருந்தவருக்குத் தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, உப்பிட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். நீரோ கொடுங்கள். ஆனால் பேச்சு குழறினால், ஆள் தெரியாமல் உளறினால், உடம்பு அனலாகக் கொதித்தால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது வெப்ப மூர்ச்சை. உடம்பின் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றும் இருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். இதற்குச் சித்த மருந்து தேடாதீர்கள். நானே சொல்கிறேன். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அந்த இருவரும்

ஆசிரியரை அன்றே அவருடைய டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். மோர் உப்பில்லாததாக மாறியது. சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. மூன்று வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது. "ருசியே இல்லை டாக்டர்" என்று முதல் வாரம் குறைப்பட்டவர், மூன்றாம் வாரம் "ஹோட்டல் சாம்பார் கரிக்கிறது" என்றார். நாக்கு அவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்ளும்!

அந்த அம்மாவை இரத்தம், சிறுநீர் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகத்தை வெப்பம் பாதிக்கிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் அடக்குவது அதை மேலும் மோசமாக்கும். நல்லவேளையாக, பரிசோதனையில் பழுது ஒன்றும் இல்லை. இப்போது தூக்குவாளியில் உப்பிட்ட மோர் கொண்டுபோய், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது குடிக்கிறார். கெண்டைக்கால் பிடிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஒதுங்க இடம்? அது என் மருந்துப் பெட்டியில் இல்லை. உப்பளமானாலும் கட்டட வேலையானாலும், பெண்களை வெயிலில் வேலைக்கு வைக்கிறவர்கள் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அமைத்துக் கொடுப்பதுதான் அதற்கு வைத்தியம்.

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க, தோட்டம் கொத்த வெயிலில் நடந்து வருகிறவர் ஒருவர் இருப்பார். வந்ததும் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் நீங்களே காட்டிவிடுங்கள். பிரஷர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் அவர் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு.

உங்கள் டம்ளரில் வேண்டாம்!